எந்த வயதில் ஞானஸ்நானம்?

"அப்ப நான் உன்னைக் கோயிலுக்குக் கொண்டுபோய் வாத்தது என்ன, பச்சைத் தண்ணியோ?"

எமது நண்பர் ஒருவரின் தாயார் கேட்ட கேள்வி இது. நண்பர் யாழ்ப்பாணத்துப் புரட்டஸ்தாந்துக் குடும்பமொன்றில் பிறந்தவர். மூன்றாம் மாதத்தில் ஊர்க் கோயிலில் ஞானஸ்நானம் பெற்றவர். அகதியாக சுவிற்சர்லாந்துக்கு வந்து பல வருடங்களின் பின், வாடகை மண்டபமொன்றில் கூடும் தமிழ்ச் சபையொன்றில் சேர்ந்தார். குழந்தையில் பெற்றது ஞானஸ்நானமே அல்ல என்று அங்கே அவருக்குப் போதிக்கப்பட்டது. விசுவாசித்து, அதை வாயால் அறிக்கை செய்து, தண்ணீரில் முழுகி எழுவதே மெய்யான ஞானஸ்நானம் என்றார்கள். அவரும் முழுகி எழுந்தார். அன்றிரவே தொலைபேசியில் ஊருக்குச் சொன்னார். மறுமுனையிலிருந்து வந்தது மேற்சொன்ன கேள்வி.

இதில் இன்னொரு விடயமும் உண்டு. நண்பர் அகதி விண்ணப்பம் செய்தபோது அவருடைய பெயரையும் பிறந்த திகதியையும் காட்டுவதற்குக் கையிலிருந்த ஒரே கடுதாசி, அந்த ஊர்க் கோயிலின் ஞானஸ்நான அத்தாட்சிப் பத்திரம்தான். பிறப்புச் சான்றிதழ் இடப்பெயர்வில் தொலைந்துபோயிருந்தது. தாயார் இதையும் அவருக்கு நினைவூட்டத் தவறவில்லை.

இந்தப் பிணக்கில் நாம் யாருடைய பக்கமும் பேச வரவில்லை. எம்மில் சிலர் குழந்தையில் நெற்றியில் நீர் வார்க்கப்பட்டவர்கள். சிலர் சைவ வீடுகளில் திருநீறு பூசி வளர்ந்தவர்கள். சிலர் எதையும் நம்பாதவர்கள். ஆனால் நண்பர் வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் கடக்கின்ற லிமாற் நதியில், ஏறத்தாழ ஐந்நூறு வருடங்களுக்கு முன்பு, இதே கேள்விக்காக ஒரு மனிதன் கைகள் கட்டப்பட்டு அமிழ்த்திக் கொல்லப்பட்டான். கொன்றவர்கள் பாப்பரசரின் ஆட்களல்லர். நேற்றுவரை அவனோடு கூடியிருந்து வேதத்தை வாசித்த சீர்திருத்தக்காரர்கள். அந்த வரலாறு எமக்குத் தூரத்து வரலாறாகத் தோன்றவில்லை. அதனால்தான் எழுதுகிறோம்.

*

முதலில் வழக்கு என்னவென்று பார்ப்போம்.

குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுங்கள் என்று புதிய ஏற்பாட்டில் நேரடியான கட்டளை இல்லை. கொடுக்கக் கூடாது என்ற தடையும் இல்லை. அப்போஸ்தலர் நடபடிகளில் லீதியாள் என்ற வியாபாரப் பெண்ணும் அவள் வீட்டாரும் ஞானஸ்நானம் பெறுகிறார்கள். பிலிப்பி பட்டணத்துச் சிறைச்சாலைக்காரனும் அவன் வீட்டாரும் பெறுகிறார்கள். வீட்டார் என்றால் அதற்குள் குழந்தைகளும் அடக்கம்தானே என்கிறது ஒரு தரப்பு. அந்த வீட்டார் போதனையைக் கேட்டு விசுவாசித்தவர்கள், தொட்டில் குழந்தை எதைக் கேட்டு எதை விசுவாசிக்கும் என்கிறது மறுதரப்பு.

ஆதிச் சபையிலும் இதற்கு ஒரே பதில் இருக்கவில்லை. கி.பி. 200ஆம் ஆண்டளவில் கார்த்தேஜ் நகரில் எழுதிய தெர்த்துல்லியன், சிறுவர்களின் ஞானஸ்நானத்தைத் தாமதிப்பதே நல்லது என்றார். அவர் அவ்வாறு சொல்ல நேர்ந்ததிலிருந்தே, அக்காலத்தில் சிலர் குழந்தைகளுக்குக் கொடுத்து வந்தார்கள் என்பது தெரிகிறது. அரை நூற்றாண்டின் பின் அதே நகரின் ஆயர் சிப்பிரியானும் அவரோடு கூடிய ஆயர்களும், பிறந்து எட்டாம் நாள்வரைகூடக் காத்திருக்க வேண்டியதில்லை என்று தீர்மானித்தார்கள். ஆனால் நான்காம் நூற்றாண்டில் பெரிய மனிதர்கள் பலர் தள்ளிப்போட்டே வந்தனர். கொன்ஸ்தந்தீன் பேரரசர் 337இல் மரணப் படுக்கையில்தான் ஞானஸ்நானம் பெற்றார். அகுஸ்தீனுடைய தாய் மோனிக்கா பக்தியுள்ள கிறிஸ்தவப் பெண். அப்படியிருந்தும் மகன் 387இல், முப்பத்திரண்டு வயதில்தான் மிலான் நகரில் ஞானஸ்நானம் பெற்றார். ஆதாமின் பாவம் பிறப்பிலேயே ஒட்டியிருப்பதால் குழந்தைக்கும் ஞானஸ்நானம் அவசியம் என்ற வாதத்தை மேற்குலகில் நிலைநாட்டியவரும் அதே அகுஸ்தீன்தான்.

அதன்பின் ஆயிரம் ஆண்டுகள் ஐரோப்பாவில் பிறப்பும் ஞானஸ்நானமும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டன. யூதர்களும் முஸ்லிம்களும் நீங்கலாக, பிறந்தவர் எல்லோரும் சபையின் அங்கத்தவர். சபையின் அங்கத்தவர் எல்லோரும் அரசனின் குடிகள். இந்த இரண்டாவது முடிச்சுத்தான் பின்னர் உயிர்களைக் குடித்தது.

எமது வீடுகளில் நடக்கும் சண்டைகளில் அடிக்கடி குழம்பிப்போகும் ஒன்றையும் இங்கே பிரித்துச் சொல்லவேண்டும். எந்த வயதில் என்பது ஒரு கேள்வி. தெளிப்பதா, வார்ப்பதா, முழுக்குவதா என்பது வேறொரு கேள்வி. கிரேக்க, ரஷ்ய ஓர்தொடொக்ஸ் சபைகள் குழந்தைகளைத்தான் ஞானஸ்நானம் செய்கின்றன. ஆனால் மூன்று முறை முழுவதுமாக நீரில் அமிழ்த்தி எடுக்கின்றன. மறுபுறத்தில், 1525இல் சூரிச்சில் வளர்ந்தவர்களுக்கு முதன்முதலாகக் கொடுக்கப்பட்ட ஞானஸ்நானம் தலையில் நீர் வார்த்துக் கொடுக்கப்பட்டதே.

*

உல்றிச் ஸ்விங்லி 1519இல் சூரிச்சின் பெரிய தேவாலயமான குறோஸ்மூன்ஸ்ரருக்குக் குருவாக வந்தார். வேதாகமத்தை மூலமொழிகளில் வாசித்து, அதில் இல்லாதவற்றை ஒவ்வொன்றாகக் கேள்விக்குட்படுத்தினார். அவரைச் சுற்றி இளைஞர்களின் வட்டமொன்று கூடியது. எமது சஞ்சிகைகளைச் சுற்றிக் கூடிய வாசகர் வட்டங்களைப் போன்றதுதான் அதுவும்: கிரேக்கம் படிப்பது, எபிரேயம் படிப்பது, விடியும்வரை விவாதிப்பது. நகர மன்ற உறுப்பினர் ஒருவரின் மகனான கொன்றாட் கிறேபல் வியன்னாவிலும் பரிசிலும் படித்துத் திரும்பியவர். பீலிக்ஸ் மான்ஸ் எபிரேயத்தில் தேர்ந்தவர். 1522இல் தவக்காலத்தில் அச்சகக்காரர் ஒருவரின் வீட்டில் சிலர் இறைச்சிச் சொசேஜ் சாப்பிட்டு விரத விதியை மீறியபோது, அவர்களுக்காக வாதாடியவர் ஸ்விங்லி. அந்த நாட்களில் குருவும் சீடர்களும் ஒரே அணி.

1523 ஒக்ரோபரில் சிலைகளையும் பூசையையும் பற்றிப் பகிரங்க விவாதம் நடந்தது. பூசை வேதத்துக்கு முரணானது என்பதில் ஸ்விங்லிக்கும் இளைஞர்களுக்கும் வேறுபாடில்லை. எப்போது நிறுத்துவது, அதை யார் தீர்மானிப்பது என்பதில்தான் பிளவு வந்தது. நகர மன்றம் தீர்மானிக்கட்டும் என்றார் ஸ்விங்லி. கடவுளின் வார்த்தை தெளிவாக இருக்கும்போது நகர மன்றத்துக்கு இதில் என்ன வேலை என்றார்கள் இளைஞர்கள். ஸ்விங்லியின் நிலையையும் நாம் விளங்கிக்கொள்ள வேண்டும். அயல் மாநிலங்கள் கத்தோலிக்கமாக இருந்தன. நகரம் இரண்டுபட்டால் சீர்திருத்தமே அழிந்துவிடும் என்று அவர் அஞ்சினார். "இப்போது ஒற்றுமைதான் முக்கியம், கேள்விகளைப் பிறகு பார்ப்போம்" என்ற வாதத்தை எம்மில் கேட்டறியாதவர் யார்?

அடுத்து வந்தது ஞானஸ்நானம். 1524இல் சூரிச்சைச் சேர்ந்த கிராமங்களில் சில தகப்பன்மார் தம் குழந்தைகளை ஞானஸ்நானத்துக்குக் கொண்டுவர மறுத்தார்கள். குழந்தை ஞானஸ்நானத்தைப் பற்றித் தனக்கும் ஒரு காலத்தில் ஐயம் இருந்ததை ஸ்விங்லி பின்னர் தானே ஒப்புக்கொண்டார். ஆனால் இப்போது அவர் அதற்கு ஆதரவாக ஒரு வலுவான வாதத்தை முன்வைத்தார். பழைய உடன்படிக்கையில் எட்டாம் நாளில் விருத்தசேதனம் செய்யப்பட்ட குழந்தை எதை விளங்கிக்கொண்டு அதைப் பெற்றது? கடவுளின் உடன்படிக்கை பெற்றோரோடு பிள்ளைகளையும் சேர்த்தே செய்யப்பட்டது. அந்த உடன்படிக்கையின் அடையாளம் இப்போது ஞானஸ்நானம். குழந்தையை வெளியே நிறுத்த நாம் யார்?

மான்ஸ் தரப்பின் வாதமும் வலுவானதே. ஞானஸ்நானம் என்பது மனந்திரும்பி, புது வாழ்வு வாழ்வேன் என்று ஒருவர் கொடுக்கும் வாக்கு. அந்த வாக்கை ஒருவருக்காக இன்னொருவர் கொடுக்க முடியாது. ஞானத்தாயும் ஞானத்தகப்பனும்கூடக் கொடுக்க முடியாது. குழந்தைகள் கிறிஸ்துவின் மீட்பினால் ஏற்கனவே காக்கப்பட்டிருக்கிறார்கள், அவர்களுக்காக நீரைக்கொண்டு பயப்படத் தேவையில்லை.

1525 ஜனவரி 17இல் நகர மன்றத்தின் முன் விவாதம் நடந்தது. மன்றம் ஸ்விங்லி பக்கம் தீர்ப்பளித்தது. மறுநாள் கட்டளை வந்தது: ஞானஸ்நானம் பெறாத குழந்தைகளுக்கு எட்டு நாட்களுக்குள் அதைக் கொடுக்கவேண்டும், மறுப்பவர்கள் குடும்பத்தோடு நகரத்தை விட்டு வெளியேறவேண்டும். கிறேபலுக்கு அந்த மாதத்தில்தான் ஒரு பெண் குழந்தை பிறந்திருந்தது. அவர் அதற்கு ஞானஸ்நானம் கொடுக்கவில்லை. 21ஆம் திகதி இன்னுமொரு கட்டளை. கிறேபலும் மான்சும் இனிமேல் கூட்டம் நடத்தக்கூடாது, அவர்களோடு சேர்ந்திருந்த வெளியூர்க்காரர்கள் ஊரைவிட்டுப் போய்விட வேண்டும்.

அன்று மாலை மான்சின் தாயாருடைய வீட்டில் சிலர் கூடினார்கள். ஜோர்ஜ் பிளவ்றொக் என்ற முன்னாள் குருவானவர் கிறேபலிடம் தனக்கு ஞானஸ்நானம் தரும்படி கேட்டார். கிறேபல் கொடுத்தார். பிளவ்றொக் மற்றவர்களுக்குக் கொடுத்தார். சில நாட்களில் ஏரிக்கரையிலுள்ள சொலிக்கொன் கிராமத்தில் 30க்கும் மேற்பட்ட குடியானவர்கள் ஞானஸ்நானம் பெற்றார்கள்.

இவர்களுக்கு எதிரிகள் இட்ட பெயர் அனபாப்திஸ்தர், அதாவது மறுபடியும் ஞானஸ்நானம் செய்பவர்கள். அவர்கள் அந்தப் பெயரை ஏற்கவில்லை. முதலில் நடந்தது ஞானஸ்நானமே அல்ல, ஆகவே இதுதான் முதலாவது என்றார்கள். எமது நண்பரும் தாயாரிடம் இதையேதான் சொன்னார்.

நகர மன்றம் அடுத்தடுத்து நடவடிக்கை எடுத்தது. சிறைப்பிடித்தது, தண்டப்பணம் விதித்தது. 1526இல் ஞானஸ்நானப் பதிவேடு வைக்கும்படி உத்தரவிட்டது. எந்த வீட்டுக் குழந்தை விடுபட்டிருக்கிறது என்று கண்டுபிடிக்க அது உதவியது. அதே 1526 மார்ச்சில், இனி யாராவது மறுபடி ஞானஸ்நானம் கொடுத்தால் நீரில் அமிழ்த்திக் கொல்லப்படுவார் என்று அறிவித்தது. நீரை விரும்பியவனுக்கு நீரே தண்டனை. கிறேபல் அந்த ஆண்டே கொள்ளைநோயில் இறந்துபோனார். மான்ஸ் மீண்டும் பிடிபட்டார்.

1527 ஜனவரி 5ஆம் திகதி பீலிக்ஸ் மான்ஸ் லிமாற் நதியின் நடுவே படகில் கொண்டுசெல்லப்பட்டார். கைகளைக் கட்டி, முழங்கால்களுக்கு மேலாக இழுத்துவிட்டு, கைகளுக்கும் முழங்கால்களுக்கும் இடையே ஒரு தடியைச் செருகினார்கள். கரையில் அவருடைய தாயும் சகோதரனும் நின்று, உறுதியாக இரு என்று கூவினார்கள். அவர் நீரில் தள்ளப்பட்டார். வயது முப்பதுக்குள். அவர்மீது சுமத்தப்பட்ட குற்றங்களில் ஒன்று, தனியாக ஒரு சபையைக் கூட்ட முயன்றது. அதே நாளில் பிளவ்றொக்கும் தண்டிக்கப்பட்டார். அவர் சூரிச்சின் குடியல்லாதபடியால் கொல்லவில்லை. சாட்டையால் அடித்து நகர வாசலுக்கு வெளியே துரத்தினார்கள். இரண்டு வருடங்களின் பின் ரிறோல் பகுதியில் அவர் எரிக்கப்பட்டார்.

நேற்றைய தோழனை இன்றைய அதிகாரம் கொன்றது. காரணம், அவன் எதிரியிடம் போனதல்ல. தோழர்கள் சேர்ந்து கற்ற பாடத்தை அவன் கடைசிவரை கொண்டுபோனது. இந்த வாக்கியத்தை எழுதும்போது எமது சொந்த மண்ணின் தெருக்களும், அங்கே விழுந்துகிடந்த மாற்றுக் கருத்தாளர்களும் நினைவுக்கு வருவதை நாம் தவிர்க்கமுடியவில்லை. பெயர்கள் வாசகர்களுக்குத் தெரியும்.

*

சூரிச்சில் நடந்தது பேரரசு முழுவதற்கும் முன்மாதிரியானது. 1529 ஏப்ரலில் ஸ்பையர் நகரில் ஜேர்மன் பேரரசின் மன்றம் கூடியது. லூதரைப் பின்பற்றிய சிற்றரசர்கள் தமது மனச்சாட்சியின் பெயரால் கத்தோலிக்கப் பெரும்பான்மைக்கு எதிராக ஆட்சேபம் தெரிவித்தது அங்கேதான். புரட்டஸ்தாந்து என்ற பெயரே அந்த ஆட்சேபத்திலிருந்து வந்தது. அதே மன்றத்தில், சில நாட்களின் பின், அனபாப்திஸ்தர்களுக்கு மரணதண்டனை என்ற கட்டளையை இரு தரப்பும் ஏற்றுக்கொண்டன. அதற்கு ஆதாரமாக எடுக்கப்பட்டது, வட ஆபிரிக்காவின் டொனாற்றிஸ்டுகளுக்கு எதிராகப் பழைய ரோமப் பேரரசு இயற்றி, ஜஸ்ரினியனின் சட்டத் தொகுப்பில் இடம்பெற்றிருந்த ஆயிரம் வருடப் பழைய சட்டம்.

பல்தசார் ஹூப்மையர் என்ற இறையியலாளர் 1524இலேயே, மதபேதக்காரர்களை எரிப்பது கிறிஸ்துவுக்கு விரோதம் என்று ஒரு சிறுநூல் எழுதியவர். அவரை 1528 மார்ச் 10இல் வியன்னாவில் எரித்தார்கள். மூன்று நாட்களின் பின் அவருடைய மனைவி எல்ஸ்பெத்தைக் கழுத்தில் கல்லைக் கட்டி டானியூப் நதியில் அமிழ்த்தினார்கள்.

ஆனால் இந்த வரலாற்றைக் கொன்றவர்கள், கொல்லப்பட்டவர்கள் என்று இரண்டாகப் பிரித்துவிட்டு நாம் நிம்மதியாக எழுந்து போய்விட முடியாது. 1534 பெப்ரவரியில் வட ஜேர்மனியின் மூன்ஸ்ரர் நகர ஆட்சி அனபாப்திஸ்தர்களின் கைக்கு வந்தது. அவர்கள் செய்த முதற் காரியங்களில் ஒன்று, வளர்ந்தோர் ஞானஸ்நானத்தைக் கட்டாயமாக்கியது. மறுத்தவர்கள் கடுங்குளிரில் உடைமைகளைப் பறிகொடுத்து நகரத்தை விட்டுத் துரத்தப்பட்டார்கள். லெய்டன் நகரத்து யான் என்பவர் தன்னை அரசனாக முடிசூட்டிக்கொண்டார். எதிர்த்தவர்களின் தலைகள் வெட்டப்பட்டன. 1535 ஜூனில் ஆயரின் படைகள் நகரைப் பிடித்தன. 1536இல் மூன்று தலைவர்கள் சித்திரவதை செய்து கொல்லப்பட்டு, இரும்புக் கூடுகளில் லம்பேர்ட் தேவாலயக் கோபுரத்தில் தொங்கவிடப்பட்டார்கள். கூடுகள் இன்றும் அங்கே தொங்குகின்றன.

ஆகவே, சுயவிருப்பத்தின் பேரில் மட்டுமே ஞானஸ்நானம் என்று சொன்னவர்களும், கையில் வாள் வந்தபோது அதைக் கட்டாயமாக்கினார்கள்.

மிஞ்சியவர்களிற் பலர் இந்த அழிவிலிருந்து ஒரு பாடம் படித்தார்கள். நெதர்லாந்தின் பிறீஸ்லாந்துப் பகுதியில் கத்தோலிக்கக் குருவாக இருந்த மெனோ சைமன்ஸ், மறுபடி ஞானஸ்நானம் பெற்றதற்காக ஒரு தையற்காரன் 1531இல் தலைவெட்டப்பட்டதைக் கேள்விப்பட்டபின்தான் அந்தக் கேள்வியை ஆராயத் தொடங்கினார். 1536இல் குருத்துவத்தை விட்டு வெளியேறி, வாளேந்தாத அனபாப்திஸ்தர்களை ஒன்று சேர்த்தார். மெனோனைற் என்ற பெயர் அவரிடமிருந்து வந்தது. 1569இல் டிர்க் வில்லெம்ஸ் என்ற கைதி, சிறையிலிருந்து தப்பி உறைந்த நீரின்மேல் ஓடினார். துரத்தி வந்த காவலன் பனிக்கட்டி உடைந்து நீரில் விழுந்தான். வில்லெம்ஸ் திரும்பிவந்து அவனைத் தூக்கிக் காப்பாற்றினார். அதனால் பிடிபட்டு எரிக்கப்பட்டார்.

*

உயிர் தப்பியவர்களின் கதை எம்முடையதைப் போன்றதே. அவர்கள் அகதிகளானார்கள். சூரிச்சில் கடைசியாகக் கொல்லப்பட்ட அனபாப்திஸ்தர் ஹான்ஸ் லாண்டிஸ், 1614இல் தலைவெட்டப்பட்டார். பேர்ண் மாநிலம் மேலும் நெடுங்காலம் அவர்களைத் துரத்தியது. சிலர் யூறா மலைகளில் பாசெல் ஆயரின் ஆட்சிப்பகுதிக்குப் போனார்கள். சமவெளியிலுள்ள நல்ல நிலம் அவர்களுக்கு இல்லை. மேலே, ஏறத்தாழ 1000 மீற்றருக்கு மேற்பட்ட குளிர்ந்த மேட்டு நிலங்களில் பண்ணை செய்தார்கள். பிரெஞ்சு மொழி பேசும் அந்த மலைகளில் தமது பேர்ண் ஜேர்மன் பேச்சைத் தலைமுறை தலைமுறையாகக் காத்தார்கள். வேறு சிலர் றைன் நதி வழியாக நெதர்லாந்துக்கும், பிறகு பென்சில்வேனியாவுக்கும் போனார்கள். வடக்கிலிருந்தவர்கள் விஸ்துலா கழிமுகத்துக்கும், அங்கிருந்து 1789இல் தொடங்கி இன்றைய உக்ரேன் மண்ணுக்கும், 1870களில் கனடாவின் மனிற்றோபாவுக்கும் பெயர்ந்தார்கள். அந்தப் பத்தாண்டில் மனிற்றோபாவுக்கு மட்டும் சுமார் 7000 பேர். இவர்களின் வழிவந்த மெனோனைற் மத்திய குழு 1979இல் கனடா அரசோடு அகதிகளைப் பொறுப்பேற்கும் உடன்படிக்கையில் முதலாவதாகக் கையெழுத்திட்டது. இந்தோசீன அகதிகளுக்கு அப்போது திறந்த அந்த வழியால் பின்னர் வேறு நாட்டு அகதிகளும் கனடாவுக்குள் வந்தார்கள்.

புலம்பெயர்ந்த வாழ்வில் அவர்களுக்கு நேர்ந்த ஒன்றை நாம் கவனிக்கவேண்டும். பிறப்பால் யாரும் கிறிஸ்தவரல்லர் என்று உயிரைக் கொடுத்தவர்களின் பிள்ளைகள், காலப்போக்கில் பிறப்பால் மெனோனைற்றுகளானார்கள். ஒரே பேச்சு, ஒரே உடை, ஒரே சில குடும்பப் பெயர்கள், உள்ளுக்குள்ளேயே கலியாணம். ஞானஸ்நானம் பதினெட்டு, இருபது வயதில்தான். ஆனால் ஆமிஷ் மக்களிடையேயும் பழமைபேணும் மெனோனைற்றுகளிடையேயும் ஞானஸ்நானம் பெறாதவருக்குச் சபையில் கலியாணம் இல்லை. கலியாண வயது வந்தவருக்கு எவ்வளவு தெரிவு மிஞ்சும்? 1693இல் யாக்கோப் அம்மான் சுவிஸ் அனபாப்திஸ்தர்களிடமிருந்து பிரிந்து போனதற்கு முக்கிய காரணம், சபையால் தள்ளப்பட்டவரோடு எவ்வளவு கண்டிப்பாக விலகியிருக்க வேண்டும் என்ற சர்ச்சை. ஆமிஷ் என்ற பெயர் அவரிடமிருந்துதான் வந்தது. ஞானஸ்நானம் பெறாமலே வெளியேறும் ஆமிஷ் இளைஞனை அவர்கள் விலக்கிவைப்பதில்லை. பெற்றபின் வெளியேறினால் விலக்குவார்கள், சொந்தத் தாய் தகப்பனின் சாப்பாட்டு மேசையிலும் அவனுக்கு இடம் தனி. ஊர்விலக்கு என்றால் என்னவென்று எமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

மறுதிசையிலும் ஒன்று நடந்தது. குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்த சபைகள், வளர்ந்தபின் அவர்களாகவே சொல்லும் ஒரு சொல்லும் வேண்டுமென்று உணர்ந்தன. அதனால்தான் அங்கிலிக்கன் சபையின் திடப்படுத்தலும் மற்றச் சபைகளின் உறுதிப்படுத்தும் ஆராதனைகளும் முக்கியம் பெற்றன. 1943இல் சுவிஸ் இறையியலாளர் கார்ல் பார்த், தன்னுடைய சொந்தச் சீர்திருத்தச் சபையின் குழந்தை ஞானஸ்நான வழக்கத்தையே பகிரங்கமாக விமர்சித்தார். அவரை யாரும் லிமாற்றில் தள்ளவில்லை.

*

யாழ்ப்பாணத்துக்கு இந்த வழக்கு ஒரு கப்பலில் வந்தது என்று சொல்லலாம். 1812 பெப்ரவரியில் அமெரிக்காவின் சேலம் துறைமுகத்திலிருந்து கரவன் என்ற கப்பல் கல்கத்தாவுக்குப் புறப்பட்டது. அதில் அமெரிக்க மிஷன் சங்கம் அனுப்பிய இரண்டு இளந் தம்பதிகள் இருந்தார்கள். ஒருவர் அதோனிராம் ஜட்சன், மற்றவர் சாமுவேல் நியுவெல். குழந்தை ஞானஸ்நானம் கொடுக்கும் சபையைச் சேர்ந்தவர்கள். கல்கத்தாவில் பாப்திஸ்து மிஷனரிகளோடு வாதாட நேருமே என்று ஜட்சன் கடற்பயணத்தில் வேதாகமத்தை ஆராய்ந்துகொண்டு போனார். ஆராய்ந்து முடிக்கையில் பாப்திஸ்துகள் சொல்வதே சரியென்று பட்டது. 1812 செப்ரெம்பர் 6இல் அவரும் மனைவியும் கல்கத்தாவில் முழுக்கு ஞானஸ்நானம் பெற்றார்கள். அனுப்பிய சங்கத்தோடான தொடர்பு அறுந்தது. அவர்கள் பர்மாவுக்குப் போனார்கள். நியுவெல் மனைவியைப் பயணத்திலேயே பறிகொடுத்து இலங்கைக்கு வந்தார். யாழ்ப்பாணம் மிஷன் வேலைக்கு ஏற்ற இடமென்று சங்கத்துக்கு எழுதியவர்களில் அவர் ஒருவர். 1816இல் அமெரிக்க மிஷன் தெல்லிப்பழையிலும் பின்னர் வட்டுக்கோட்டையிலும் தொடங்கியது. நண்பரின் தாயாருடைய கோயிலும் அந்த வழியில் வந்ததே. கரவன் கப்பலில் ஜட்சனுக்கு வந்த எண்ணம் நியுவெல்லுக்கும் வந்திருந்தால், அந்தத் தாயார் கைக்குழந்தையோடு கோயிலுக்குப் போயிருக்கமாட்டார்.

அந்த மிஷன் விடுதிப் பள்ளிகளில் பிள்ளைகளுக்குப் பணம் கொடுத்த அமெரிக்கரின் பெயர்களை வைத்ததும் எமது வரலாறு. பாவலர் சரித்திர தீபகம் எழுதிய சதாசிவம்பிள்ளைக்கு ஆர்னல்ட் என்ற பெயர் வந்தது இவ்வாறே. பெயரும் சபையும் மற்றவர்களால் தரப்படுவதும், பிறகு ஒருவர் அதை ஏற்பதோ விடுவதோ எமக்குப் புதிதல்ல.

*

இன்று உலகச் சபைகள் இந்த வழக்கில் ஒருவிதமான சமாதானத்துக்கு வந்திருக்கின்றன. 1970இல் அமைந்த வட இந்தியத் திருச்சபையில் பாப்திஸ்துகளும் அங்கிலிக்கன்களும் ஒன்றாகச் சேர்ந்தபோது, இரண்டு முறைகளுக்கும் இடம் கொடுக்கப்பட்டது. 1982இல் பெரு நாட்டின் லீமாவில் உலகச் சபைகள் மன்றத்தின் ஆணைக்குழு ஏற்றுக்கொண்ட அறிக்கை, இரு வழக்கங்களையும் மதிக்கும்படியும் மறுபடி ஞானஸ்நானம் என்று கருதக்கூடிய எதையும் தவிர்க்கும்படியும் கேட்டது. 2004 ஜூனில் சூரிச்சின் சீர்திருத்தச் சபை தனது முன்னோரின் செயலைக் குற்றமென்று ஒப்புக்கொண்டது. மான்சும் வேறு ஐந்து பேரும் அமிழ்த்தப்பட்ட இடத்துக்கு நேரே, லிமாற்றின் கரையில் ஒரு நினைவுக் கல் பதிக்கப்பட்டது. 2010இல் லூதரன் உலக சம்மேளனம் மெனோனைற்றுகளிடம் மன்னிப்புக் கேட்டது. 2025இல், அந்த மாலைக்கு ஐந்நூறு ஆண்டுகள் நிறைந்தபோது, பல நாட்டு மெனோனைற்றுகள் சூரிச்சில் கூடினார்கள். ஸ்விங்லி பிரசங்கித்த அதே குறோஸ்மூன்ஸ்ரரில் ஆராதனை நடந்தது.

நாம் இந்த வரலாற்றிலிருந்து விளங்கிக்கொண்டது இவ்வளவுதான். நீ கேட்பதற்கு முன்பே உன்னை எங்களில் ஒருவனாக எடுத்துக்கொண்டோம் என்று ஒரு சமூகம் குழந்தைக்குச் சொல்வது பெரிய காரியம். ஊர் இழந்தவர்களுக்கு அதன் பெறுமதி தெரியும். வளர்ந்தபின், நானே யோசித்து நானே சொல்கிறேன் என்று ஒருவர் எழுந்து நிற்பதும் அதேயளவு பெரிய காரியம். இரண்டும் ஒரு வீட்டில் முட்டிக்கொள்ளும்போது மனம் நோகும். அது மனிதருக்கிடையில் வரும் நோவு. மன்றமும் பதிவேடும் வாளும் அதற்குள் நுழைந்தபோதுதான் அது கொலையானது. முதலில் சீர்திருத்தக்காரரின் கையில், பிறகு மூன்ஸ்ரரில் அனபாப்திஸ்தரின் கையில்.

நண்பரின் தாயார் சில வருடங்களின் பின் மகனைப் பார்க்க சுவிற்சர்லாந்துக்கு வந்தார். அவர்கள் ஞானஸ்நானத்தைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை. ஒரு ஞாயிறு பின்னேரம் நண்பர் தாயாரை லிமாற் கரைக்குக் கூட்டிக்கொண்டுபோய் அந்தக் கல்லைக் காட்டினார். ஜேர்மன் மொழியில் எழுதியிருந்ததை வாசித்துத் தமிழில் சொன்னார். தாயார் நெடுநேரம் ஆற்றையே பார்த்துக்கொண்டு நின்றாராம். பிறகு ஒரு கேள்வி மட்டும் கேட்டாராம்.

"அந்தப் பிள்ளையின்ர தாய் அப்ப எங்க நிண்டவ?"

"இஞ்சதான் அம்மா, கரையில" என்று நண்பர் சொல்லியிருக்கிறார்.